ஒரே டின்னில் வெட்டிய தோடும் அட்டியலும்

பிடிபட்ட நாள்

பூ நகை செய்வதை எப்போது தொழிலாக ஆரம்பித்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு, ஸ்டோரில் கையும் களவுமாகப் பிடிபட்ட நாளைத்தான் நான் சொல்வது வழக்கம். எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்று பெயர். தலவாக்கலைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்து ஸ்டோரில், காய்ந்த தூளிலிருந்து காம்பு பொறுக்குகிற வேலை எனக்கு. காலையிலிருந்து சாயங்காலம் வரை தரையில் வரிசையாக உட்கார்ந்து, விரல் நுனியால் காம்பைக் கிள்ளி எடுக்கவேண்டும். கண்ணுக்கும் விரலுக்கும்தான் வேலை, வாய்க்கு இல்லை.

பக்கத்து அறையில் ஆண்கள் தூள் அடைக்கும் பெட்டிகளுக்குள்ளே வெள்ளையாக மினுங்கும் உலோகத் தாள் ஒட்டுவார்கள். அதை நாங்கள் ஈயத்தாள் என்போம். அது ஈயமா அலுமினியமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மூலைகளை வெட்டும்போது துண்டு துண்டாக விழும். கூட்டி அள்ளும்போது சில துண்டுகள் என் முந்தானைக்குள் வந்துவிடும். எப்படி வந்தது என்று அப்போது கேட்டிருந்தால் தானாக வந்தது என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்தத் துண்டுகளில் ஒரு நாள் தேயிலைப் பூ ஒன்று செய்தேன். ஆறு வெள்ளை இதழ். நடுவில் சாக்கு நூலைப் பொடியாக நறுக்கி, மஞ்சளில் தோய்த்து, கொத்தாக வைத்துக் கட்டினேன். கொழுந்து எடுப்பவர்கள் தேயிலையைப் பூக்க விடமாட்டார்கள். ஆனால் ஸ்டோருக்குப் பின்னால் விதைக்கு விட்டிருந்த நாலைந்து மரங்களில் அது பூக்கும். அதைப் பார்த்துத்தான் செய்தேன். செய்ததைக் கொண்டையில் செருகிக்கொண்டு, புத்தி இல்லாமல், அதே ஸ்டோருக்கு வேலைக்குப் போனேன்.

டீமேக்கர் ஐயா எனக்குப் பின்னால் வந்து நின்றார். ஸ்டோர் முழுக்க அவர் பொறுப்பு. தோட்டத்தை நடத்தும் பெரிய துரையே அவரிடம் கேட்டுத்தான் தூளைத் தொடுவார்.

"அழகம்மா, தலையில என்னா அது?"

"பூவுங்க ஐயா."

"என்னா பூவு?"

"தேயிலப் பூங்க."

"தேயிலப் பூ இப்புடியா மினுங்கும்? கழட்டு."

கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் பக்கத்தில் இருந்தவர்கள் காம்பு பொறுக்குவதை நிறுத்திவிட்டார்கள்.

"இது களவு," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆனா குப்பைக்குப் போறத எடுத்தா களவு இல்ல. ஆனா ஸ்டோர்க் குப்பையும் ஸ்டோர் சாமான்தான்." மறுபடி யோசித்தார். பூவை என் உள்ளங்கையில் வைத்தார். "எம் மகளுக்கு ஒண்ணு செஞ்சு கொண்டா."

அவ்வளவுதான், போய்விட்டார். எனக்குத் தண்டனை கிடைத்ததா, வேலை கிடைத்ததா என்று ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். அவளுக்கும் புரியவில்லை. அடுத்த வாரம் மகளுக்கான பூவைக் கொண்டுபோனேன். அதிலிருந்து பெட்டி அறையில் விழும் துண்டுகளை ஒரு சாக்கில் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

என் சாமான்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தேயிலை விலை விழுந்த காலம் அது. வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை என்பார்கள். பல குடும்பங்களைப் வேலை நீக்கப் பற்றுச்சீட்டு கொடுத்து இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். வேலை இல்லாத நாட்களில் நான் பூ செய்தேன்.

இப்போது இந்த வேலை செய்கிறவர்களுக்குக் கடையில் எல்லாம் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தவை இவைதான். ஸ்டோரின் ஈயத்தாள். டர்பன்டைன் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் மரத்தின் காய்; காய்ந்தால் அதன் வாய் நட்சத்திரப் பூ மாதிரி விரியும். தேயிலை விதை, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தால் கறுப்பு மணி மாதிரி பளபளக்கும். பெரிய மீனின் செதில். கழுவிக் காயவைத்து மஞ்சளிலோ பீட்ரூட் சாற்றிலோ ஊறவைத்தால் நிஜ இதழ்தான் என்று சத்தியம் செய்யலாம். ஸ்டோர் மிஷின் அறையில் வீசி எறிகிற பித்தளைக் கம்பி. எல்லாவற்றுக்கும் மேலாக, பங்களா சமையல்காரர் கொடுக்கும் பிஸ்கட் டின். துரைமார் சாப்பிடும் பிஸ்கட் வரும் டின்களில் சிலவற்றின் வெளிப்புறம் முழுக்கப் பொன் நிறமாக இருக்கும்.

தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியை உடைத்துத் தீட்டிய துண்டு ஒன்றும், துணி வெட்டும் கத்தரி ஒன்றும் என்னிடம் இருந்தன. இதழை வெட்டி, மடித்த சாக்கின்மேல் வைத்து, கரண்டிக் காம்பால் அழுத்தினால் குழி விழும். மழுங்கின ஊசியால் நரம்பு கீறவேண்டும். நரம்பு கீறாத இதழ் தகரமாகவே இருக்கும்.

கொண்டைப் பூவும் ஜடை பில்லையும்தான் முதலில் செய்தேன். ஹட்டன் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் நானா வளையல் கடை வைத்திருந்தார். அவர் என் பூக்களை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். அதுவரை நல்ல காலம்.

வீராயி அக்கா கேட்டது

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசி அறையில், கடைசிக் காம்பிராவில், இருந்தவர் வீராயி அக்கா. ஒரே மகள் காமாட்சிக்கு வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தார். ஒரு நாள் தலையில் போர்த்திய கம்பளி மழையில் நனைய வந்து என் காம்பிராவுக்குள் நுழைந்தார்.

"அழகம்மா, கதவச் சாத்து. ஒரு சோடி தோடு வேணும். பன்னெண்டு எதழு. பாத்தவங்க பவுனுன்னு சொல்லணும்."

"கூத்துல வேசம் கட்டவாக்கா?"

"காமாட்சி கலியாணத்துக்கு."

அப்போதுதான் எழுந்து கதவைச் சாத்தினேன். அவரே சொன்னார். "இருந்த தோடு எந்தம்பி குடும்பம் கப்பல் ஏறுறப்ப செலவுக்கு வித்துப் போயிருச்சு. மாப்புள வீட்டுல கேட்டது அந்தத் தோடு ஒண்ணுதான். இல்லன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"காமாட்சிக்குத் தெரியுமாக்கா?"

"அவளுக்கு எதுக்கு? தெரியாம போட்டாத்தான் தலையத் தூக்கிட்டு நடப்பா. நீயும் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு."

அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். என்னிடம் பொன் நிற டின் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதில் பாதியை வெட்டினேன். தோடு நன்றாகவே வந்தது. காதுக்குள் போகிற தண்டுக்குப் பித்தளைக் கம்பி வைத்தேன்.

குடையோடு வந்தவர்

நாலு நாள் கழித்து, முன்பின் தெரியாத ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். செல்லம்மா என்று பெயர் சொன்னார். ஹட்டன் நானா கடையில் என் பூவைப் பார்த்து, யார் செய்தது என்று விசாரித்து வந்ததாகச் சொன்னார்.

"ஒரு அட்டியல் செய்யணுங்க. நடுவுல பெரிய பூ, ரெண்டு பக்கமும் மொட்டு மொட்டா. பவுனு மாதிரி."

"பவுனு மாதிரின்னா… யாருக்குங்க?"

"மொதல்ல யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. அப்புறம் சொல்றேன்."

ஒரு சத்தியம் செய்து பழகின கை இரண்டாவதற்குத் தயங்கவில்லை. அதே விளக்கைத் தொட்டேன்.

"எந்தம்பி கலியாணத்துக்கு. பொண்ணுக்கு நாங்க அட்டியல் போடுறோம்னு வாக்குக் குடுத்துட்டோம். எங்கம்மா நோவுல கெடந்தப்ப எல்லாம் போயிருச்சு. தாலிப் பொட்டு மட்டும்தான் நெசப் பவுனு. பொண்ணு ஒங்க தோட்டத்துப் பொண்ணுதாங்க. காமாட்சி."

என் முகத்தைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். "என்னாங்க, ஒடம்புக்கு முடியலயா?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

அவர் போன பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீராயி அக்காவிடம் சொன்னால் செல்லம்மாவுக்குச் செய்த சத்தியம் போகும். செல்லம்மாவிடம் சொன்னால் வீராயி அக்காவுக்குச் செய்தது போகும். இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டால் கல்யாணமே போகலாம். பேசாமல் இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை போலவும் தோன்றியது, எல்லாருக்கும் நஷ்டம் போலவும் தோன்றியது. மறுநாள் காம்பு பொறுக்கிக்கொண்டிருக்கும்போது டீமேக்கர் ஐயா பக்கத்தில் வந்தார். படித்தவர், கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

"ஐயா, ரெண்டு பேரு ஒருத்தருக்கு ஒருத்தர் ஒரே பொய்யச் சொல்லிக்கிட்டா, அதுல ஏமாந்தது யாருங்க?"

அவர் என்னையே பார்த்தார். "காய்ச்சலா ஒனக்கு? டிஸ்பென்சரிக்குப் போ. பாதிக் காம்பு அப்புடியே கெடக்கு, பாரு."

டிஸ்பென்சரியில் கசப்பு மருந்து ஒரு குப்பி கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு, அதே டின்னின் மறு பாதியில் அட்டியலை வெட்டி முடித்தேன். வேறு டின் கிடைக்கவில்லை.

கோயிலில்

கல்யாணம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத காலை. நகைகளைத் தாம்பாளத்தில் வைத்துச் சபைக்குக் காட்டினார்கள். தோடு ஒரு பக்கம், அட்டியல் ஒரு பக்கம். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். தாம்பாளத்தின் மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"தோடு என்னா நெறமா இருக்கு? எந்த ஆசாரி செஞ்சது?"

வீராயி அக்காவின் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க தோட்டோட நெறத்தப் பாக்க வந்தீங்கன்னா, ஒங்க அட்டியல நாங்களும் பாக்கணும்ல?"

"பாருங்களேன்! யாரு வேணான்னா?"

"தெரிஞ்ச ஆளா வச்சுப் பாப்போம்."

சபை சலசலத்தது. மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். மணையில் காமாட்சி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அப்போது வீராயி அக்கா சத்தமாகச் சொன்னார்: "நம்ம அழகம்மா பாக்கட்டும். பூ வேல அவளுக்குத் தெரியும்." அவர் வாயை மூடுவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து செல்லம்மா, "ஆமாங்க, அவங்களே பாக்கட்டும்," என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

என்னை முன்னால் தள்ளினார்கள். தோட்டை ஒரு கையிலும் அட்டியலை ஒரு கையிலும் எடுத்தேன். என் ஊசி கீறின நரம்புகள் இரண்டிலும் ஒரே மாதிரி ஓடின. என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாயில் வந்தது ஸ்டோரில் தூள் பார்த்துச் சொல்லுகிற பேச்சுத்தான்.

"ரெண்டும் ஒரே தரங்க."

"ஒசத்தி தாழ்வு?" என்றார் கோட்டுக்காரர்.

"ஒரு பொட்டுக்கூட இல்லைங்க."

"வேல?"

"வேல சுத்தங்க."

"ஒரே ஆசாரி கை மாதிரியில்ல இருக்கு?"

"இருக்கலாங்க," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கோட்டுக்காரர் கையை உயர்த்த, மேளம் முழங்கியது. நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்ற நினைப்பில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். மணையில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

காமாட்சி வந்தபோது

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை இல்லாத நேரத்தில், தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காமாட்சி வந்தாள். தாய் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் காம்பிராவுக்கு வந்திருந்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு நகையப் பத்தித் தெரியும். அதான் ஒங்ககிட்ட வந்தேன். பவுனு ஒடம்புல கறுக்குமா?"

கம்பளியை எடுத்தாள். காது இரண்டும் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் பச்சையுமாக ஒரு வளையம். தகரத்தின் ஓரம் பட்டுக் கீறல் கீறலாகப் புண்.

"சீயக்கா போட்டுத் தேய்க்கிறேன். போகவே மாட்டேங்குது. கறுத்துக்கிட்டே வருது. பவுனே ஏத்துக்கலன்னா என் ஒடம்புல என்னமோ பெரிய நோவு இருக்குதுல்லக்கா? அவருக்குத் தெரிஞ்சா என்னை அம்மா வீட்டுல கொண்டாந்து விட்டுருவாரு. கம்பளியப் போட்டு மூடிக்கிட்டே இருக்கேன். குளிருதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

மூன்று மாதம் அவள் இப்படித்தான் இருந்திருக்கிறாள். தோடு போலி என்று தெரிந்த தாய், அட்டியல் நிஜம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அட்டியல் போலி என்று தெரிந்த நாத்தனார், தோடு நிஜம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நகை கழுத்தில் ஏறிவிட்டது, காரியம் முடிந்தது என்று இருவருமே நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். அவளை மட்டும் யாரும் பார்க்கவில்லை. விளக்கு அங்கேதான் மாடத்தில் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் சொன்னேன்.

"தங்கச்சி, அது பவுனு இல்ல."

"எது?"

"தோடு."

"அப்ப அட்டியலு?"

"அதுவும் இல்ல. பிஸ்கட் டின்னு. ரெண்டையும் நான்தான் செஞ்சேன்."

நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப எனக்கு நோவு ஒண்ணும் இல்லயா?"

"ஒண்ணும் இல்ல."

"நெசமா?"

"நெசமா."

அவள் அழுதாள். நான் அந்த அழுகையை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல், கையைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கோயில்ல தாம்பாளத்த வாங்கிப் பாத்தீங்களே. எனக்கு ஒரு கண்ணு காட்டியிருக்கலாமேக்கா?"

நான் எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தேங்காய் எண்ணெய் விட்டு விட்டுத் தோட்டைக் கழற்ற வெகு நேரம் ஆயிற்று. ஒரு பக்கம் காதுத் துளை கிழிந்துவிட்டது. டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மருந்து போட்டுத் திரும்பும்போது, "மூளிக் காதோட போக மாட்டேன், ஒரு பூவு செஞ்சு குடுங்க," என்றாள். "பவுனு மாதிரி வேணாம். பூவு மாதிரி இருந்தாப் போதும்."

ஈயத்தாளில் இரண்டு தேயிலைப் பூ செய்தேன். ஓரங்களை எல்லாம் மடித்து, விரலால் தடவிப் பார்த்து, புண்ணில் படாமல் இருக்கக் கறுப்பு நூலில் கட்டிக் காதைச் சுற்றி மாட்டிவிட்டேன். தகரத் தோட்டையும் அட்டியலையும் ஒரு துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு அவள் வட்டகொடைக்கு நடந்தாள். தாய் வீட்டு வாசலைத் தாண்டும்போதும் நிற்கவில்லை. அவள் தலையில் கம்பளி இல்லை.

பிறகு நடந்தது

அங்கே நடந்ததைப் பின்னால் அவள் சொல்லித்தான் தெரியும். புருஷன் முத்தையாவுக்கு முன்னால் முடிச்சை அவிழ்த்து வைத்திருக்கிறாள். அக்காள் செல்லம்மா செய்தது அவனுக்கும் தெரியாது. அவன் தோட்டையும் அட்டியலையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறான். கடைசியில், "கழுத்து வலிக்குதுன்னு எங்கிட்டச் சொல்ல ஒனக்கு மூணு மாசமாச்சா?" என்று மட்டும் கேட்டிருக்கிறான். அதில் கோபம் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று கேட்டேன். "ரெண்டும் இருந்துச்சுக்கா," என்றாள்.

மறுநாளே செல்லம்மா வந்துவிட்டார். இந்தத் தடவை குடையை மடக்கிக் கையில் பிடித்திருந்தார். "சத்தியம் பண்ணுன வாயி எங்க? எங்க குடும்பத்தச் சந்தி சிரிக்க வச்சிட்டியே!" என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்தினார். சத்தம் கேட்டு வந்த வீராயி அக்கா பாதியில் நின்றார். அட்டியலும் டின் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தோடும் டின் என்று செல்லம்மாவுக்கு அவர் வீட்டிலேயே தெரிந்துவிட்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டுவதற்கு வாய் திறந்தார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதனால் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். போகும்போது செல்லம்மாவுக்கு வீராயி அக்கா வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார்கள். எனக்கு அந்தக் கணக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வீராயி அக்கா ஒரு வருஷத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. மலைநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது நான் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பிறகு ஒரு காலையில், "கொஞ்சம் தள்ளு, கொடம் வைக்கணும்," என்றார். மன்னித்துவிட்டாரா, குளிரில் நிற்க முடியாமல் சொன்னாரா, தெரியாது. தள்ளி நின்றேன்.

வட்டகொடையில் காமாட்சியின் காதைப் பார்த்த பெண்கள், அந்த வெள்ளைப் பூ எங்கே கிடைக்கும் என்று கேட்டு வரத் தொடங்கினார்கள். அவள் யாரிடமும் மறைக்காமல், "ஸ்டோர்ப் பெட்டித் தாளு," என்றே சொல்லியிருக்கிறாள். ஸ்டோர் வேலையை விட்டு, ஹட்டனில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்து, நான் பூ நகையால் பிழைத்தது அந்த வெள்ளைப் பூக்களால்தான். கழற்றிய தோட்டை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டே, அவள் காதுப் புண்ணால் எனக்குப் பிழைப்பு கிடைத்தது நியாயமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

கோயிலில் நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் கல்யாணம் நின்றிருக்குமா? நின்றிருந்தால் காமாட்சிக்கு நல்லதா, கெட்டதா? முத்தையா நல்ல மனிதன், நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். அதனால் நான் செய்தது சரி என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் ஒரு காதில் கிழிந்த துளையோடுதான் கடைசிவரை இருந்தாள்.

தொழிலில் தெளிவாகத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. நகையை ஒருவர் செய்யச் சொல்வார், இன்னொருவர் சபையில் காட்டுவார், மூன்றாவது ஆள் போட்டுக்கொள்வாள். நான் முதல் இரண்டு பேருக்காகவே வேலை செய்திருந்தேன். அதற்குப் பிறகு ஹட்டனில் என் பலகைக்கு முன்னால் யார் வந்து "பவுனு மாதிரி" என்று தொடங்கினாலும், "போடுறது யாருங்க? அவங்கள ஒரு தடவ கூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிடுவேன். பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். வருகிறவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இது தகரம், இது தாள், இது மீன் செதில் என்று அவள் கையிலேயே கொடுத்துக் காட்டி, அவள் காதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கத்தரியை எடுப்பேன்.